பீட்டர் கிரீனின் மூக்குக்குரல்: காதால் தேடிய குறிப்புகள்

'பிளாக் மேஜிக் வுமன்' என்றால் எல்லாருக்கும் சந்தானாதான் ஞாபகம் வரும். 1970-ல் அவர்கள் வாசித்தது அப்படி ஒரு ஹிட். ஆனால் அந்தப் பாட்டை எழுதி, இரண்டு வருஷம் முன்னாடியே பிளீட்வுட் மேக் குழுவோடு பதிவு செய்தவர் லண்டன்காரரான பீட்டர் கிரீன். 1966-ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது அவருக்கு வயது 19. அடுத்த வருஷமே சொந்தக் குழு. 1970-ல் அதையும் விட்டு விலகினார். பிறகு நெடுங்காலம் மனநோயோடு மல்லுக்கட்டு, 2020-ல் மரணம். உச்சத்தில் இருந்தது நாலே வருஷம்தான். அந்த நாலு வருஷத்தில் அவர் கிட்டாரிலிருந்து வந்த ஒரு சத்தம் என்னைக் கொஞ்ச காலமாகவே தூங்க விடவில்லை.

'ஐ லவ்டு அனதர் வுமன்' என்ற 1968 பதிவைக் கேட்டுப் பாருங்கள். கிட்டாரில் அடிக்குரலே இல்லாத மாதிரி இருக்கும். மெலிந்து, உள்ளே குடைந்து எடுத்தது போல, ஜலதோஷம் பிடித்தவர் மூக்கால் பாடுவது போல ஒரு தொனி. ஆனால் எரிச்சலூட்டாது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரல் இருக்கிறதே, அது.

இதற்குக் காரணம் உலகம் முழுக்கக் கிட்டார்காரர்களுக்குத் தெரிந்த கதை. அவருடையது 1959-ல் செய்த கிப்சன் லெஸ் பால். அதில் இரண்டு பிக்கப். கழுத்துப் பக்கப் பிக்கப்பின் உள்ளே இருக்கும் காந்தப்பட்டை தலைகீழாகத் திரும்பியிருந்தது. எப்படித் திரும்பியது, யார் திருப்பினார் என்பதற்குப் பல கதைகள் உண்டு, அதை விடுவோம். திரும்பியிருந்ததன் விளைவுதான் முக்கியம்.

திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர்களிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். இரண்டு பாக்ஸ் வைத்து, ஒன்றுக்கு மட்டும் வயரை மாற்றிக் குத்திவிட்டால் என்ன ஆகும்? ஒன்றின் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். நடுவில் போய் நின்று கேட்டால் செண்டை சத்தம் காணாமல் போயிருக்கும், தாளம் மட்டும் சில்லென்று கேட்கும். எங்கள் பக்கத்து மைக் செட் அண்ணன் ஒருவர் தூரத்திலிருந்தே, "லேய் மக்கா, ஒரு பாக்ஸுக்கு வயரு மாறிக் கெடக்கு, போய்ப் பாருலே" என்று கத்துவார். மீட்டர் எதுவும் வேண்டாம், காதே போதும். பீட்டர் கிரீனின் கிட்டாருக்குள் நடந்ததும் இதேதான். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போடும் நடு நிலையில் ஒன்று 'ஆமா' என்கிறது, மற்றது 'இல்லை' என்கிறது.

அப்படியானால் சத்தமே வராமல் போகணுமே, ஏன் மூக்குக்குரல் மட்டும் மிஞ்சுகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

லெஸ் பாலில் அதிரும் கம்பியின் நீளம் 24.75 அங்குலம், ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். கழுத்துப் பிக்கப் பிரிட்ஜிலிருந்து கிட்டத்தட்ட கால்பங்கு தூரத்தில் இருக்கிறது. மற்றது பிரிட்ஜை ஒட்டி, சுமார் நாலஞ்சு சென்டிமீட்டரில். கம்பி ஒரே விதமாக அதிர்வதில்லை. முழு நீளத்துக்கு ஒரு அலை, அதோடு இரண்டாக மடிந்த அலை, மூன்றாக, நாலாக என்று பல அலைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முதல் மூன்று அலைகளில் இரண்டு பிக்கப்புக்கும் மேலே உள்ள கம்பி ஒரே திசையில்தான் நகரும். அதனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அவை இளைத்துப் போகின்றன. அடிக்குரல் போவது இதனால். நாலாவது அலைக்குக் கழுத்துப் பிக்கப் இருக்கும் இடம் அசையாத புள்ளி. அங்கே பிரிட்ஜ் பிக்கப் மட்டும்தான் பேசும். ஐந்து, ஆறு, ஏழுக்கு வந்தால் கம்பி இந்த இரண்டு இடங்களிலும் எதிரெதிர் திசையில் நகர்கிறது. சாதாரணக் கிட்டாரில் இவை ஒன்றையொன்று தின்றுவிடும். காந்தம் திரும்பிய கிட்டாரில் எதிரும் எதிரும் சேர்ந்து கூடுகின்றன! அடி இளைத்து, நடுவுக்கு மேலே வீங்கி வரும் அந்த வடிவம்தான் நம் காதுக்கு மூக்குக்குரலாகக் கேட்கிறது.

இதெல்லாம் திறந்த கம்பிக்கு. பன்னிரண்டாவது கட்டையில் விரல் வைத்தால் கம்பி பாதியாகிவிடும், கழுத்துப் பிக்கப் இப்போது மிச்சக் கம்பியின் சரிபாதியில் நிற்கும். உடனே கணக்கு மாறி, மூன்றாவது அலையே கூட ஆரம்பித்துவிடும். அதாவது இந்த மூக்குக்குரல் ஒரே குரல் இல்லை. கட்டைக்குக் கட்டை மாறுகிறது. ஒரே சுரத்தை இரண்டாம் கம்பியில் மேலேயும் வாசிக்கலாம், முதல் கம்பியில் கீழேயும் வாசிக்கலாம். சுருதி ஒன்றுதான், குரல் வேறு. காதால் தேடுகிறவனுக்கு இது பெரிய துப்பு. பதிவிலுள்ள குரலோடு எது பொருந்துகிறது என்று பார்த்தால், அவர் விரலை எங்கே வைத்திருந்தார் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு பக்கக் கதை. கிரீனின் புகைப்படங்களைப் பார்த்தால் கழுத்துப் பிக்கப்பின் திருகு வரிசை பிரிட்ஜைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ரகசியம் இதுதான் என்று தங்கள் பிக்கப்பையும் அப்படியே சுற்றி வைத்தவர்கள் உண்டு. பிக்கப்பை அதே தளத்தில் சுற்றினால் 'ஆமா' 'இல்லை' ஆகாது. காந்தத்தின் துருவம் மாறணும், இல்லையென்றால் சுருளின் இரண்டு முனைகளும் இடம் மாறணும். கண்ணால் பார்த்துப் பிரதி எடுத்தவர்கள் ஏமாந்த இடம் இது.

சரி, காதுக்கு வருவோம். ஒரு பழைய பதிவில் கேட்கும் சத்தத்தில் கிட்டாரின் பங்கு எது, ஆம்பின் பங்கு எது, விரலின் பங்கு எது என்று பிரிப்பது லேசில்லை. எல்லாம் ஒரே குழம்பாகக் கொதித்துக் கிடக்கும். ஆனால் பீட்டர் கிரீன் விஷயத்தில் நமக்கு ஒரு அபூர்வ அதிர்ஷ்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் அந்தக் கிட்டாரை அயர்லாந்துக்காரரான கேரி மூருக்குக் கொடுத்துவிட்டார். 1995-ல் கேரி மூர் 'புளூஸ் ஃபார் கிரீனி' என்று ஒரு ஆல்பம் போட்டார், முழுக்கப் பீட்டர் கிரீன் வாசித்த பாட்டுகள். அதே கிட்டார், அதே பாட்டு, வேறு ஆள். ஆய்வுக்கூடத்தில் திட்டம் போட்டாலும் இப்படி ஒரு சோதனை கிடைக்காது.

'நீட் யுவர் லவ் சோ பேட்', 'தி சூப்பர்நேச்சுரல்', 'ஐ லவ்டு அனதர் வுமன்' மூன்றும் இரண்டு பேரிடமும் இருக்கின்றன. ஒன்று மாற்றி ஒன்று கேட்டேன். கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யணும். இரண்டு பதிவையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவரணும். சத்தம் கூடியது நல்லதாகத் தெரிவது காதின் குணம், இதைச் சரிக்கட்டாமல் ஒப்பிட்டால் எல்லா முடிவும் கோணல்தான். பிறகு சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம், இப்போது போனிலேயே அதற்குச் செயலிகள் இருக்கின்றன.

இரண்டு பேரிடமும் பொதுவாக மிஞ்சுவது அந்தக் குடைந்த தொனி. அது கிட்டாரின் சொத்து. மற்றதெல்லாம் வேறு வேறு. மூர் கம்பியை இறுக்கி அடிக்கிறார், வைப்ரேட்டோ அகலம், சுரம் முடிந்த பிறகும் விடமாட்டார். கிரீன் அடிப்பதே இல்லை, தொடுகிறார். அதிர்வு குறுகல், அதுவும் சுரம் பிறந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும், பாடகர் கார்வை கொடுப்பது போல. ஒரு வாக்கியம் முடிந்தால் கையை எடுத்துவிட்டு மற்றவர்களை வாசிக்க விடுகிறார். என் கணிப்பில், நாம் 'பீட்டர் கிரீன் சவுண்ட்' என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இடைவெளிகள்தான். காந்தம் திரும்பியது மிச்சம்.

இதில் இன்னொரு விஷயமும் கேட்டது. அவருடைய எல்லாப் பாட்டிலும் அந்த மூக்குக்குரல் இல்லை. நடு நிலையில் சுவிட்ச் இருந்தால்தான் அது வரும். பல இடங்களில் ஒற்றைப் பிக்கப்பின் உருண்ட குரல்தான் என் காதுக்குக் கேட்கிறது. கதையைப் படித்துவிட்டுக் கேட்பவர்களுக்கு எல்லாமே திரும்பிய காந்தமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நம் காதுக்கு ஒரு அனுகூலம் இருப்பதையும் சொல்லணும். புளூஸில் அவர்கள் உயிரை வைத்திருப்பது காந்தாரத்தில். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். கீபோர்டில் அதற்குக் கட்டை கிடையாது. சிறிய காந்தாரத்தில் விரலை வைத்துக் கம்பியைத் துளி தள்ளித்தான் அங்கே போகணும். இதற்குப் புத்தகத்தில் 'கால் பெண்டு' என்று பெயர் போட்டு அம்புக்குறி வரைந்து வைத்திருப்பார்கள். கமகம் கேட்டு வளர்ந்தவனுக்கு அம்புக்குறி எதற்கு? பாடிக் காட்டினால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். கிரீனின் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் வாயால் பாடி, அது பதிவோடு ஒட்டிய பிறகுதான் கிட்டாரைத் தொட்டேன். மூச்சு விடும் இடத்தில் அவரும் நிறுத்துகிறார் என்பது பாடும்போதுதான் தெரியும். நம்மூரில் கிட்டார் பிடிக்கிறவர்கள் எல்லாரும் 'இளைய நிலா'வில் தொடங்குகிறோம். 1982-ல் சந்திரசேகர் அதில் வாசித்ததை விரல் வரிசையாக மனப்பாடம் செய்கிறோமே தவிர, அதைப் பாடிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இனி காசு விஷயம். கருங்கலில் பாட்டுக்குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, இந்த டோன் வேணும்னா லெஸ் பால் வாங்கித்தான் ஆகணுமா?" வட்டிக்கு எடுத்தாவது வாங்குகிற எண்ணம் அவனுக்கு. புதுசு என்றாலே லட்சக்கணக்கில் விலை. கிரீனின் அசல் கிட்டாரோ கேரி மூரிடமிருந்து கைமாறி, 2014-ல் மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அது நமக்கில்லை. அதனால் வாயால் பதில் சொல்லாமல் செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருப்பது பழைய மலிவுக் கிட்டார். இரண்டு ஹம்பக்கர், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ். இந்தத் தனித்தனிக் குமிழ் முக்கியம், பொதுவாக ஒரே வால்யூம் உள்ள கிட்டாரில் இந்த வேலை பாதிதான் நடக்கும். பிக்கப்பிலிருந்து நாலு வயரும் தனிக் கவசக்கம்பியும் வந்தால் காந்தத்தைத் தொடவே வேண்டாம், சுருளின் இரண்டு முனைகளை மாற்றிப் பற்றவைத்தால் போதும். பழைய மாடலில் ஒரே வயரும் அதைச் சுற்றிப் பின்னிய கவசமும்தான் இருக்கும். அதை மாற்றிக் கொடுத்தால் பிக்கப்பின் உலோக உடம்பே சிக்னலோடு சேர்ந்துவிடும், கை பட்டால் இரைச்சல். அப்போது காந்தத்தைத் திருப்புவதுதான் ஒழுங்கான வழி. முடிமாதிரிச் செப்புக்கம்பி அறுந்துபோகாமல் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுக்கணும்.

மாற்றிய பிறகு சரியாக மாறியதா என்று பார்க்க முள் மீட்டர் ஒன்று போதும். பிக்கப் மேல் திருப்புளியை வைத்துச் சட்டென்று எடுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு பிக்கப்புக்கும் எதிரெதிர்ப் பக்கம் துள்ளினால் வேலை முடிந்தது.

செலவு ஈயமும் அரை மணி நேரமும். சத்தம்? நடு நிலையில் இரண்டு வால்யூமையும் முழுசாக வைத்தபோது மெலிந்த குரல் வந்தது. கழுத்துப் பிக்கப்பை ஏழு வரை இறக்கினேன், என் கிட்டாரில் அங்கேதான் மிக மெலிசு. கம்பி அந்த இடத்தில் அதிகம் அசைவதால் கழுத்துப் பிக்கப்புக்கு அடிக்குரல் கூடுதல். அதைக் கொஞ்சம் குறைத்தால்தான் இரண்டும் சரிக்குச் சரி மோதும். பிரிட்ஜ் பக்கத்தை இறக்கினால் பழைய உருண்ட குரல் மெல்லத் திரும்பி வருகிறது. பத்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் கிரீன் இருக்கிறார். ஆம்பில் உடைசல் கூடாது. 1968-ல் அவர்கள் ஆரஞ்சு ஆம்ப் வைத்து வாசித்தார்கள், ஆனாலும் குரல் தெளிவாகத்தான் இருக்கும். கொஞ்சம் தாராளமாக ரிவெர்ப். அழுத்தி வாசித்தால் மட்டும் ஓரம் கரகரக்கணும்.

தம்பி வந்து கேட்டான். முதலில் அவனே வாசித்தான், தொனி அப்படியே வந்தது, பாட்டு வரவில்லை. போனில் கிரீனை ஓடவிட்டு, கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லி, பாடச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே நாலு முறை பாடினான். ஐந்தாவது முறை கிட்டாரை எடுத்தபோது காந்தாரம் அந்த நடு இடத்தில் போய் உட்கார்ந்தது, அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் சும்மாவும் இருந்தான். லெஸ் பால் பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை. அவனுடைய கிட்டாரில் ஒரே ஒரு வால்யூம் குமிழ்தான். இன்னொன்று போட உடம்பில் துளை போடணுமா, டோன் குமிழையே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு போனான். டோன் குமிழையே மாற்றிக்கொள்ளலாம்.