கட்டிலருகே ஒரு நாற்காலி

எமது பிள்ளையொன்று இலண்டன் வைத்தியசாலையில் தங்க நேரிட்டால், தாயோ தந்தையோ இரவிலும் அருகே படுத்துக்கொள்வது இன்று இயல்பானதொன்றாகிவிட்டது. இவ்வுரிமை இந்நகரில் எவ்வாறு கிடைத்தது என்பதை எம்மில் பலர் அறியோம்.

1949ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியசாலைகளின் பார்வை நேரங்கள் திரட்டி வெளியிடப்பட்டன. கைஸ் வைத்தியசாலையில் ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை மட்டுமே அனுமதி. சென் தோமஸில் முதல் மாதம் சந்திப்பே இல்லை. மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், உறங்கும் பிள்ளையைப் பெற்றோர் பார்த்துச் செல்லலாம். இலண்டன் வைத்தியசாலையில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்பினூடாகவே காணலாம். இதனை வெறும் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. தொற்றுநோய் பற்றிய அச்சம் மெய்யானது. மேலும், பெற்றோர் வந்து போனால் பிள்ளை அழுதது. வராத நாட்களில் அமைதியாயிருந்தது. அமைதியான பிள்ளை தேறிவரும் பிள்ளை எனத் தாதியர் நம்பினர்.

அந்த அமைதியையே ஜேம்ஸ் றொபேட்சன் ஐயுற்றார். டவிஸ்ரொக் நிலையத்தில் ஜோன் போல்பியுடன் 1948 முதல் பணியாற்றிய அவர், வார்டுகளில் அமர்ந்து பிள்ளைகளை நீண்ட நாட்கள் அவதானித்தார். முதலில் எதிர்த்து அழுகின்றனர். பின்னர் நம்பிக்கையிழந்து மௌனமாகின்றனர். இறுதியில் தாயே வந்து நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். தேறுதல் எனப்பட்டது உண்மையில் துயரத்தின் இரண்டாம் படி என்றார். அவர் சொல்லை ஏற்பார் அரிதாகவே, சிறு சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைத் திரைப்படமாக்கினார். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்தார் என்று எவரும் கூறாதிருக்க, குறித்த நேரங்களில் படம்பிடித்துச் சுவர்க் கடிகாரமும் தெரியுமாறு செய்தார். 1952 நவம்பரில் றோயல் மருத்துவச் சங்கத்தில் அது காட்டப்பட்டபோது வந்திருந்தோர் பலர் சினந்தனர்.

1959இல் பிளாற் குழுவின் அறிக்கை தடையற்ற பார்வை நேரத்தைப் பரிந்துரைத்தது. ஆயினும் அறிக்கை வேறு, வார்டு வேறு. 1961இல் பற்றர்சீயைச் சேர்ந்த இளந்தாய்மார் சிலர் ஒன்றுகூடி இதற்கெனச் சங்கமே அமைக்க வேண்டியிருந்தது.

தாதியரும் தம் பணியைத் தாமே ஆராயத் தொடங்கினர். பமீலா ஹோதோனின் ஆய்வை றோயல் தாதியர் கல்லூரி 1974இல் வெளியிட்டது. 'தாதியே, எனக்கு அம்மா வேண்டும்' என்பதே அதன் தலைப்பு. 1988இல் கிறேற் ஓமண்ட் ஸ்ரீற் வைத்தியசாலையில் ஆன் கேசி ஒரு பங்காளர் முறையை வகுத்தார். குளிப்பாட்டல், ஊட்டல், ஆற்றுதல் ஆகியன குடும்பத்தின் பணி. இயலாதவற்றைத் தாதி செய்வார், இயலக்கூடியவற்றைக் கற்றுக்கொடுப்பார்.

யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் நோயாளிக்கு ஓர் 'ஆள்' நிற்பது வழக்கம். அங்கே அது ஆராய்ச்சியால் வந்ததன்று, தேவையால் வந்தது. வியப்பு யாதெனில், அப்படிச் சுடுதண்ணீர்ப் போத்தலுடன் துணிந்து நின்ற நாமே, இங்கு வந்தபின் கட்டிலருகே விருந்தினர்போல் கைகட்டி அமர்ந்திருக்கின்றோம். ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்ற கூச்சமே பெரிதும் காரணம். மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். பாட்டியின் நோயைப் பத்து வயதுப் பேரன் வைத்தியருக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை.

கூச்சத்தின் விலை பெரிது. இந்நகரில் 2021இல் பதின்மூன்று வயது மார்த்தா மில்ஸ் குருதி நச்சூட்டினால் இறந்தாள். நிலை மோசமாவதைப் பெற்றோர் எடுத்துரைத்தும் உரிய கவனம் கிடைக்கவில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவோர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவள் பெயரிலமைந்த விதி 2024 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதன்படி, நோயாளியின் நிலை மோசமாகின்றது என்று கருதும் குடும்பத்தினர், எந்நேரமும், சிகிச்சையளிக்கும் குழுவல்லாத வேறொரு குழுவின் அவசரப் பரிசோதனையைக் கோரலாம். கோரும் முறை யாது, எவ்விலக்கத்தை அழைப்பது என்பதை அனுமதிக்கப்படும் முதல் நாளிலேயே வார்டுத் தாதியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அப்போதே, 'நோகுது' என்றால் எம் பிள்ளை என்ன சொல்கின்றது என்பதையும் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம்.