சாம்பல் பிடிக்கும் பெட்டிக்குள் ஓர் எட்டு

ஹெல்மெட் மாட்டியாச்சா? மாஸ்க்? அப்படியென்றால் வாருங்கள், எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையத்தின் கொல்லைப்புறத்துக்கு! மின்சாரம் முன்வாசல் சமாச்சாரம். நமக்கு வேண்டியது சாம்பல்.

ஒடிசாவிலிருந்து கப்பலேறி வரும் கரியில் 100 டன்னை எரித்தால் 30, 40 டன் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி கீழே விழாது, புகையோடு பறக்கும். பறக்க விடுவார்களா? புகைபோக்கிக்கு முன்பே ஈ.எஸ்.பி. என்ற ராட்சத இரும்புப் பெட்டி வழிமறிக்கிறது. உள்ளே பல்லாயிரம் வோல்ட்! தூசுக்கு மின்னூட்டம் ஏறி, வரிசையாகத் தொங்கும் தகடுகளில் அப்பிக்கொள்ளும். அப்புறம்தான் கூத்து. சுத்தியல்கள் தகட்டை டொம் டொம்மென்று தட்ட, சாம்பல் பொலபொலவென ஹாப்பர் என்ற புனல் தொட்டிக்குள் கொட்டும். இவ்வளவு தொழில்நுட்பமும் கடைசியில் சுத்தியலடியில்தான் முடிகிறது!

நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பலில் பெரும்பாலும் குட்டிக் கோலிக்குண்டுகள். நெருப்பில் உருகிய கனிமத் துளி, பறக்கும்போதே உருண்டு இறுகிவிடுகிறது. அந்த வழவழப்பால் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும்.

இந்தச் சாம்பல், சைலோ என்ற சேமிப்புக் கலனிலிருந்து பல்கர் டேங்கர் லாரி ஏறி சிமென்ட் ஆலைக்குப் போனால் அடுத்த வித்தை. சிமென்ட்டும் நீரும் சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெட்டியாக மிஞ்சும். சாம்பலின் சிலிக்கா அதைப் பிடித்துப் புதுப் பசையாக்கி, நுண்துளைகளை அடைக்கிறது. உப்புக்காற்று வீசும் ஊருக்கு இது வரம்.

சுற்றுச்சூழல் லாபம் எங்கே? சிமென்ட்டுக்கு அரைக்கும் மூலக்கட்டியான கிளிங்கர் ஒரு டன்னுக்கு, சுண்ணாம்புக்கல் வெந்து பிரிவதால் மட்டுமே அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 1,450 டிகிரி சூளைக்கான எரிபொருள் கணக்கு தனி. பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம். அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம். கட்டடத்துக்குள் போகாத சாம்பல் எங்கே போகும் என்று கொசஸ்தலை ஆற்று மீனவர்களைக் கேளுங்கள். சாம்பல் கரைசல் குழாய் உடைந்து சாம்பல் படிந்த ஆறு அது.

ஆனாலும் ஒரு குறும்புக் கணக்கு இருக்கிறது. சாம்பலைக் ‘கழிவு’ என்று எழுதிவிட்டால், கரி எரித்த பாவம் முழுக்க மின்சாரத்தின் தலையில், சிமென்ட் பரிசுத்தம்! இதை வைத்துக் கரிக்கே பச்சைச் சாயம் பூச வருவோரை நம்பாதீர்கள்.

வீடு கட்டுகிறீர்களா? மூட்டையைத் திருப்பிச் சாம்பல் சதவீதத்தைப் பாருங்கள். சாம்பல் தரும் அந்தப் பசை மெதுவாகத்தான் உருவாகும். 7 நாள் தண்ணீர் ஊற்றினால் போதும் என்பார் மேஸ்திரி. சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு விதிப்படி குறைந்தது 10 நாள். விட்டுக்கொடுக்காதீர்கள்!