சரிவு நிலத்துக்கேற்ற செடி

மலைநாட்டிற் பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஓடைகள் செந்நிறமாகப் பெருக்கெடுக்கின்றன. அந்நிறம் நீருக்குரியதன்று, மேலேயுள்ள தோட்டங்களின் மேல்மண்ணுக்குரியது. பயிருக்கு ஊட்டந் தரும் அம்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதனை இழப்பதற்கோ சில மழைக்காலங்களே போதும்.

இலங்கையின் மலைச்சரிவுகளிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. புல்பூண்டின்றி நிலத்தைச் சுரண்டி வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணமென அக்காலத்திற் கருதப்பட்டது. வெறுமையான மண்ணை மழை கரைத்துச் சென்றது. இக்கேட்டைத் தடுக்க 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், மண்ணைப் பற்றி நிறுத்துவது சட்டமன்று, வேரேயாகும்.

மரம் நட்டாற் போதுமென்பது பலரது எண்ணம். அது முழு உண்மையன்று. உயர்ந்த மரத்தின் இலைகளிற் சேர்ந்து சொட்டும் துளி பெரிதாகி, விசையுடன் நிலத்தைத் தாக்கும். மரத்தடியிற் சருகோ சிறுசெடியோ இல்லையெனின் அங்கும் மண் கரையும். ஆகவே நிலத்தை மூடுதல், ஓடுநீரை மறித்தல், ஆழமாக வேரூன்றல் என்னும் மூன்று பணிகளையும் மனத்திற்கொண்டே செடியைத் தெரிதல் வேண்டும்.

ஓடுநீரை மறிப்பதற்கு வெட்டிவேர் மிகவும் ஏற்றது. அதன் வேர் பக்கங்களிற் படராது நேரே கீழிறங்கும். நல்ல மண்ணில் 3 மீற்றர் ஆழம் வரையுஞ் செல்லும். நெருங்கி நின்ற தண்டுகள் நீரின் வேகத்தைத் தணிக்க, அது சுமந்து வந்த மண் அங்கேயே படியும். ஆனால் அடர்ந்த நிழலில் இப்புல் செழிக்காது. மணத்துக்காக வேரைத் தோண்டி எடுப்பின், காவலே களவாக முடியும்.

மண்ணுக்கு உரமும் வேண்டுமெனின் கிளிசிரிடியா நன்று. வெட்டிய தடியை ஊன்றினாலே தளிர்க்கும் இம்மரம், காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும். கவாத்துச் செய்த தழை பசளையாகும். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்திலோ, மீண்டும் நடுவதற்கு முன்னர் குவாத்தமாலாப் புல்லையும் மானாப் புல்லையும் வளர்த்து, வெட்டி, நிலத்தின்மேற் பரப்புதல் தோட்டங்களில் வழக்கமாயுள்ளது.

நல்ல செடியும் தவறாக நட்டாற் பயனளியாது. வரிசை, மேலிருந்து கீழாக அன்றிச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்திற் செல்லவேண்டும். அதனை அறிய எளிய கருவியொன்று உண்டு. சமநீளமுள்ள இரு கம்புகளை உச்சியிற் பிணைத்து, கால்களை அகற்றி, நடுவே குறுக்குச்சட்டம் ஒன்றைக் கட்டவேண்டும். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால், அது சட்டத்தின் நடுவில் விழும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும். அவ்வாறு குறித்த கோட்டில் வெட்டிவேர் நாற்றுக்களை 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில், மழை தொடங்கும் காலத்தில் நடலாம். பட்டுப்போன நாற்றுக்கு உடனே மாற்று நடுதல் அவசியம். ஓரிடைவெளி இருப்பினும் நீர் அங்கேயே திரண்டு வாய்க்கால் வெட்டிவிடும்.

செடியின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்திற் சரிந்த மலை லயன் வீடுகளை மூடி உயிர்களைப் பலிகொண்டது. வேர் எட்டாத ஆழத்திலிருந்து நகரும் நிலத்தைப் புல்லோ மரமோ தடுத்து நிறுத்தாது. நிலத்தில் வெடிப்புத் தோன்றினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிய ஊற்றுச் சேற்றுநீராகக் கிளம்பினாலோ, அவ்விடத்தை விட்டு விலகி அதிகாரிகளுக்கு அறிவித்தலே அறிவுடைமை.

மேல்மண்ணைக் காப்பது செடியின் கடன். உயிரைக் காப்பது மனிதரின் விழிப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவரே மலையில் நிலைத்து வாழ்வர்.