நூல் விலையும் தறியின் தீர்மானமும்



வியாபாரத்தில் இலாபம் என்பது அதிருஷ்டத்தால் வருவது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். சந்தையை அறிந்து தீர்மானம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. அம்முறையைச் சோமனூர்த் தறிகளைக் கொண்டே உங்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் சோமனூர். அவ்வூரும் சுற்றுப்புறமும் விசைத்தறிக்குப் பெயர் பெற்றவை. சாயமிடாத காடாத் துணி அங்கே மிகுதியாக நெய்யப்படுகின்றது. ஜவுளி உற்பத்தியாளர் நூலை விலைக்கு வாங்கிப் பாவும் ஊடையுமாகத் தறிக்காரரிடம் ஒப்படைப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். என்ன துணி, எவ்வளவு நெய்வது என்று தீர்மானிப்பவர் உற்பத்தியாளரே.

அவர் எவ்வாறு தீர்மானிக்கின்றார்? முதலில் பஞ்சின் விலையைக் கவனிக்கின்றார். பஞ்சு கண்டிக் கணக்கில் விற்கப்படுகின்றது; ஒரு கண்டி 356 கிலோ. அடுத்து ஆலைகளின் நூல் விலையைப் பார்க்கின்றார். மூன்றாவதாகத் துணிக்கு உள்ள கிராக்கியை விசாரிக்கின்றார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் துணிக்கு 100 கிராம் நூல் தேவை என்று வைத்துக்கொள்வோம். நூல் கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால், மீட்டருக்கு 3 ரூபாய் செலவு கூடும். துணி வாங்குபவர் 1 ரூபாய்தான் கூட்டித் தருவார் எனில், மீட்டருக்கு 2 ரூபாய் கைப்பொறுப்பு. அப்போது நெசவைக் குறைக்கலாம். வேறு ரகத்துக்கு மாறலாம். வேறு ஊர் வியாபாரியை நாடலாம். இவற்றுள் எது தக்கது என்பதைக் கிடங்கில் உள்ள சரக்கிருப்பு சொல்லும். இருப்பு வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால், மேலும் நெய்வது நஷ்டத்தைப் பெருக்குவதாகும்.

விலை ஏறுவதற்குக் காரணம் ஒன்றல்ல. மக்கள் துணியை விரும்பி வாங்குவதாலும் ஏறும். பருத்தி விளைச்சல் குறைவதாலும் ஏறும். முன்னதில் தறியை ஓட்டலாம். பின்னதில் நிதானம் வேண்டும். 2022ஆம் ஆண்டில் ஒரு கண்டிப் பஞ்சின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. மத்திய அரசு அவ்வாண்டு ஏப்ரலில் 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கியது. அப்படியும் விலை உடனே இறங்கவில்லை. ஆண்டின் பிற்பகுதியிலேதான் இறங்கிற்று. இன்னும் ஏறும் என்று நம்பி, உச்ச விலையில் நூலை வாங்கிக் குவித்தவரின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

வாங்குவோரை அறிவதும் எளிதன்று. சோமனூர்த் துணி சாயப்பட்டறை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எனப் பல கை மாறியே உடுத்துவோரைச் சேர்கின்றது. வியாபாரி இருப்பு வைப்பதற்காக வாங்கினாலும், மக்களே வாங்குவது போலத் தோன்றும். ஆதலால்தான் குடும்பங்கள் எவ்வகைத் துணியை எவ்வளவு வாங்குகின்றன என்று நேரில் கேட்டறிய வேண்டியுள்ளது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஜவுளிக் குழு இத்தகைய சந்தை ஆய்வுகளை நடத்தி வந்துள்ளது.

இனி, கூலிக்கு நெய்பவரை நினைத்துப் பாருங்கள். நெசவை நிறுத்துவது என்று உற்பத்தியாளர் தீர்மானித்தால் அவருடைய தறி நிற்கும்; கடன் தவணையோ நிற்பதில்லை. கூலி உயர்வு கோரிக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் 2022இலும் 2025இலும் வேலைநிறுத்தம் செய்ததை நாடறியும். சந்தைச் செய்தி ஒருவர் கையில் மட்டும் இருந்தால், பேரத்தில் மற்றவர் குரல் தாழ்ந்துவிடுகின்றது. மின்சாரம், உதிரிப் பாகம், ஆள் கூலி ஆகியவற்றுடன் நூல் விலையையும் துணி விலையையும் மாதந்தோறும் எழுதி வைக்கும் தறிக்காரர், தம் கோரிக்கையை எண்களால் நிறுவ இயலும்.

உங்களுள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இக்கணக்கை ஓராண்டுக் காலம் எழுதி வாருங்கள். எந்த மாதத்தில் தறி ஓடிற்று, எந்த மாதத்தில், ஏன் நின்றது என்பதற்கு விடை அதில் கிடைக்கும். கல்லூரியில் நீங்கள் கற்கும் பொருளாதாரம் வீட்டுக்குப் பயன்படும் இடமும் அதுவே.