எரிபந்தம்: நெல்லின் கழுத்தைப் பிடிக்கும் பங்கசு

மார்கழி கழிந்து தை பிறக்கிற நாள்களில் கண்டாவளை, பரந்தன், அக்கராயன் பக்கத்து வயல்கள் கதிர் தள்ளி நிற்கும். பகலில் மூட்டம், இரவில் குளிர், விடிந்து வெகுநேரமாகியும் காயாத பனி. கமக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிற காலநிலை இது. முதலில் இலையில் இரண்டு முனையும் கூரான, கண் வடிவப் புள்ளிகள் தெரியும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம். அவை பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தால் வயலே தீய்ந்த மாதிரி ஆகிவிடும். கதிரின் கழுத்தில் பிடிப்பது அதைவிடக் கொடியது. கழுத்துக் கணு கறுத்து அழுக, மேலே சாறு ஏறாமல் கதிர் நின்ற நிலையிலேயே வெளுத்துவிடும். பால் பிடிக்க முன்னர் இது நேர்ந்தால் அந்தக் கதிரில் மிஞ்சுவது பதர்தான். விதைநெல், உழவுக்கூலி, பசளை என்று போட்ட காசெல்லாம் அறுவடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கைவிட்டுப் போகும்.

எரிபந்தம் என்ற இந்த நோயைக் கொண்டுவருவது மக்னபோர்த்தே ஒரைசே என்ற பங்கசு. 1919இல் தஞ்சாவூர்க் கழனிகளைப் பாழாக்கியதும் இதுவே. பயிர்களைத் தாக்கும் பங்கசுகளில் முக்கியமானவை எவை என்று 2012இல் ஓர் ஆய்விதழ் உலகெங்குமுள்ள ஆய்வாளர்களைக் கேட்டபோது, இதற்கே முதலிடம் கிடைத்தது. அது உண்டாக்கும் அழிவு மட்டும் அதற்குக் காரணமில்லை. ஒரு நோய்க்கிருமி பயிருக்குள் எப்படி நுழைகிறது என்பதைப் பரம்பரையலகு மட்டத்தில் மிகத் தெளிவாகக் காட்டித்தந்த பங்கசுகளில் இதுவும் ஒன்று.

நெல்லிலையின் மேற்பரப்பு மெழுகு படிந்து வழுக்கும், தண்ணீர்கூட உருண்டோடும். பங்கசின் மூன்று கலங்கள் கொண்ட சிறு வித்தி ஒன்று காற்றில் வந்து விழுகிறது. ஈரம் பட்டதும் அதன் நுனியிலிருந்து பசை கசிந்து இலையோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டொரு மணி நேரத்தில் குழாய்போன்ற முளை ஒன்று நீள்கிறது. அதன் முனை வீங்கி, குவிமாட வடிவில் தனியொரு கலமாகிறது. வித்தி தன் உள்ளடக்கம் முழுவதையும் அந்தக் கலத்துக்குக் கொடுத்துவிட்டு மடிந்துபோகிறது. குவிமாடத்தின் சுவரில் மெலனின் படிகிறது. எங்கள் தோலுக்கும் முடிக்கும் கருமை தருகிற நிறப்பொருளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. உள்ளே கிளிசரோல் சேர, வெளியிலிருக்கும் பனிநீர் உள்ளே புகுகிறது. நீர் உள்ளே போகலாம், கிளிசரோல் வெளியே வர மெலனின் விடாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது.

எவ்வளவு? 1991இல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஹவார்டும் அவரோடு பணியாற்றியவர்களும் அளந்து சொன்ன கணக்கு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை. ஒரு கார் ரயரில் அடைத்திருக்கும் காற்றைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு இறுக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்துக்குள். எந்த நொதியத்தாலும் கரைக்க முடியாத பிளாஸ்ரிக் தாளையும் இந்தப் பங்கசு துளைத்ததை அவர்கள் காட்டினார்கள். அந்த வலுவோடு அடியிலிருந்து ஒரு மெல்லிய ஊசிமுனை இறங்கி இலையைத் துளைக்கிறது. மாலையில் விழுந்த வித்தி மறுநாளுக்குள் உள்ளே போய்விடும். ஒரு கிழமைக்குள் புதிய புள்ளி. அதிலிருந்து இரவுக்கிரவு ஆயிரக்கணக்கில் வித்திகள்.

இதில் எந்தப் பரம்பரையலகு எந்த வேலையைச் செய்கிறது என்று அறிய, ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாக்கிப் பார்த்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பார்பரா வலென்ட், ஃபாரஸ்ட் சம்லி ஆகியோர் 1990இல் விவரித்த விகாரிகள் எனக்கு மிகப் பிடித்தவை. மெலனின் உண்டாக்கும் வழியில் ஒவ்வொரு படியாகப் பழுதானதால் அவற்றில் ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, இன்னொன்று மங்கல் மஞ்சள். நல்ல இலையில் வைத்தால் மூன்றும் ஒன்றும் செய்யாது. இலையைக் கீறிவிட்டு வைத்தால் நோய் வரும். ஆக, கருமை இல்லாவிட்டால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாவிட்டால் வாசலில்லை.

எரிபந்தத்துக்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்து தடுப்பதும் இந்த மெலனின் வழியின் ஒரு நொதியத்தைத்தான். அது பங்கசைக் கொல்வதில்லை, நுழைய விடாமல் மறிக்கிறது. கழுத்து வெளுத்த பிறகு தாங்கியைத் தோளில் மாட்டுவதால் ஏன் பயனில்லை என்பது இப்போது விளங்கும். கதிர் குடலையிலிருந்து வெளிவரத் தொடங்கும்போதே அந்த மருந்து அங்கே இருக்கவேண்டும். மருந்துக் கடையில் போத்தலைக் கொடுக்கும்போது இந்த ஒன்றையாவது சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது என் ஆதங்கம்.

1996இல் இன்னொரு பரம்பரையலகு அகப்பட்டது: பிஎம்கே1. அதை நீக்கினால் குவிமாடமே உருவாகாது. அந்த அலகு உண்டாக்கும் புரதத்தின் வேலையை நிறுத்தினால், ஏற்கெனவே உள்ளே போன பங்கசும் பக்கத்துக் கலத்துக்குத் தாவ முடியாமல் முதற்கலத்திலேயே அடைபட்டுப்போகிறது. ஆய்வாளர் நிக்கலஸ் டால்பட்டின் குழு 2018இல் இதைக் காட்டியது. 2005இல் பங்கசின் முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்டு வெளிவந்தது. ஏழு நிறமூர்த்தங்கள், சுமார் 11,000 பரம்பரையலகுகள்.

பயிரும் சும்மா இருப்பதில்லை. 1940களில் ஆய்வாளர் ஹரல்ட் ஃப்ளோர், வட டக்கோட்டாவில் ஆளிச் செடியின் துரு நோயை ஆராய்ந்து, செடியின் ஒவ்வோர் எதிர்ப்பு அலகுக்கும் நேராகப் பங்கசில் ஓர் அலகு இருப்பதைக் கண்டார். நெல்லில் அப்படி ஒரு சோடி, 'பைட்டா' என்ற எதிர்ப்பு அலகும் பங்கசின் 'ஏவிஆர்-பைட்டா'வும். பங்கசு விடும் புரதத்தை நெல் அடையாளம் கண்டதும் தாக்குண்ட கலம் தானே செத்து, நோய் பரவாமல் தடுத்துவிடும். ஆனால் வலென்ட்டின் குழு 2000இல் வெளியிட்ட முடிவு நெல் வளர்ப்பவர்களைத் திகைக்க வைக்கக்கூடியது. ஏவிஆர்-பைட்டா இருப்பது நிறமூர்த்தத்தின் நுனிக்கு மிக அருகில். நுனிப்பகுதி எளிதில் அறுந்தும் இடம் மாறியும் போகிற பகுதி. அலகைத் தொலைத்த பங்கசை நெல்லுக்கு அடையாளம் தெரியாது. எதிர்ப்புள்ள இனம் என்று வாங்கிய விதை சில போகங்களில் சோர்ந்துபோவதற்கு இதுபோன்ற இழப்புகளும் ஒரு காரணம். விதையில் கலப்படம், கமக்காரனின் கவனக்குறைவு என்று அவசரப்பட்டுப் பழி போடுவது சரியில்லை.

எங்கள் நாடான இலங்கையில் இந்தப் போராட்டம் பழையது. 1958இல் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த எச்-4 நெல், முருங்கைக்காயன் 302 என்ற உள்நாட்டு நெல்லைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டது. எரிபந்தத்தைத் தாங்கும் திறன் அதன் சிறப்புகளில் ஒன்று. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய நெல் இனங்களைச் சோற்றுக்கும் பொங்கலுக்கும் மட்டுமல்லாமல் விதைக்காகவும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது, அவற்றுக்குள் எந்த அலகு இருக்கிறது என்று தேடிப் பார்க்க நெல் உயிரோடு இருக்கவேண்டும் என்பதால்தான்.

தேடுவதற்குப் பங்கசும் வேண்டும். 2016இல் பங்களாதேசில் கோதுமை வயல்கள் திடீரென வெளுத்தபோது, ஆய்வாளர்கள் தோஃபசல் இஸ்லாமும் சோஃபியன் கமூனும் நோயுற்ற இலைகளிலிருந்து எடுத்த மரபுத் தரவுகளை உடனடியாக எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வந்தது இதே பங்கசில் தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் வகை, உள்ளூர் நெல்லில் இருந்து தாவியதல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது. இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் போகத்துக்குப் போகம் புள்ளி விழுந்த இலைகளைச் சேர்த்து, அவற்றில் எந்த அலகு இருக்கிறது, எது தொலைந்தது என்று வாசித்துக்கொண்டு வந்தால், அடுத்த காலபோகத்துக்கு எந்த இனத்தை எங்கே விதைக்கலாம் என்று கமநல சேவை நிலையத்தில் ஆதாரத்தோடு சொல்லலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிற அறிவியல் நகரிலிருந்து இரணைமடு கூப்பிடு தூரத்தில்தான். அதுவரை வயலில் செய்யக்கூடியவை தெரிந்தவைதான்: யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவது, நெருக்கமாக விதைக்காமல் இலை காய இடம் விடுவது, இலைச்சுவரை உறுதியாக்கும் சிலிக்கா உள்ள உமிக்கரியை ஆலையடியில் குவித்து வைக்காமல் வயலுக்குக் கொண்டு வருவது, ஊர் முழுக்க ஒரே இனத்தை விதைக்காமல் இருப்பது.