ஆராய்ச்சிக்கு உட்காரும் தலைமையாசிரியர்

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில், ஆசிரியர்கள் வாய்வழக்கில் டயட்டுகளில், செயல் ஆராய்ச்சி அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. வாசிப்பில் பின்தங்கிய ஐந்தாம் வகுப்பு, பின்னம் புரியாத ஆறாம் வகுப்பு என்று தலைப்புகள் போகும். முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி உயர்ந்தது, சுபம். ஆராயப்படுவது எப்போதும் குழந்தைதான். பள்ளியை நடத்துபவர் தம் நடைமுறையையே ஆராய்ந்து எழுதிய அறிக்கை அரிது.

ஆனால் இந்த முறையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன உளவியலாளர் கர்ட் லெவின் 1946-ல் செயல் ஆராய்ச்சி பற்றி எழுதியபோது, திட்டமிடு, செய், விளைவைப் பார், திட்டத்தைத் திருத்து என்ற சுழலைத்தான் முன்வைத்தார். 1953-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். புளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்சி ஃபிக்ட்மன் டேனா 2009-ல் ஒரு முழுப் புத்தகத்தையே பள்ளி முதல்வர்களுக்காக எழுதினார்; முதல்வரே ஆராய்ச்சியாளர் என்பது அதன் வாதம்.

நம் ஊர் நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர், அதாவது எச்.எம்., இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அவருடைய கேள்வி: 'வகுப்பைப் பார்வையிட்டுவிட்டு ஆசிரியரிடம் நான் என்ன பேசுகிறேன்?' ஒரு மாதம், ஒவ்வொரு பார்வையிடலுக்குப் பிறகும் தாம் சொன்னதை அப்படியே குறித்துவைக்கிறார். மாதக் கடைசியில் குறிப்பேட்டைப் புரட்டினால் முகம் சுருங்கும். கரும்பலகையில் தேதி இல்லை, நோட்டு திருத்தவில்லை, பாடக்குறிப்பு எங்கே என்பதே பக்கம் பக்கமாக இருக்கும். பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்ற பேச்சு தேடினாலும் கிடைக்காது. அடுத்த மாதம் அவர் ஒன்றை மட்டும் மாற்றுகிறார்: 'இன்று எந்த இடத்தில் பிள்ளைகள் திணறினார்கள், டீச்சர்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். வரும் பதில்களையும் எழுதுகிறார். ஆராய்ச்சி இவ்வளவுதான். புள்ளியியல் தேவையில்லை, தம் கையெழுத்தைத் தாமே படிக்கும் துணிச்சல் வேண்டும்.

இதற்கான படிவம் நம்மிடம் இல்லாமலும் இல்லை. 2015-ல் வந்த தேசியப் பள்ளி மதிப்பீட்டுத் திட்டமான 'ஷாலா சித்தி' ஏழு களங்களில் பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளச் சொன்னது. படிவத்தில் நிலையைக் குறித்து இணையத்தில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டால், அந்தச் சுயமதிப்பீட்டில் சுயம் எங்கே?

இப்படி எழுதிய குறிப்பைச் சக தலைமையாசிரியர்களோடு பகிர இணையம் இருக்கிறதே என்றால், அதன் கதையும் இப்படித்தான். தலைமையாசிரியரின் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை. மேலிருந்து சுற்றறிக்கை இறங்கும், கீழிருந்து 'நோட்டட் சார்' ஏறும். 'எமிஸ்' எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு முடிந்ததா என்ற விசாரிப்பு அவ்வப்போது. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில், 'என் பார்வையிடல் வெறும் குற்றப் பட்டியலாக இருக்கிறது, உங்களுக்கு எப்படி?' என்று யார் கேட்பார்கள்? கேட்டால் மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வருமோ என்ற பயம் இருக்கும். அதனால் இந்தப் பகிர்வுக்கான குழு சிறியதாக, ஐந்தாறு எச்.எம்.களோடு, வட்டாரக் கல்வி அலுவலர் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மாதம் ஒருமுறை கூகுள் மீட்டில் ஒருவர் தம் குறிப்பைப் படிக்கட்டும். மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கட்டும். கடினமானது அந்த இரண்டாம் பாதிதான். நம் ஆட்களுக்கு அறிவுரை வாயில் நிற்காது.

நேரம் எங்கே என்பார்கள், நியாயமான கேள்வி. நடுநிலைப் பள்ளியில் எழுத்தர் கிடையாது. சத்துணவு மேற்பார்வையும் சீருடை விநியோகமும் எச்.எம். தலையில்தான். அந்தச் சுமையை அரசு குறைக்காமல், 'அனைத்துத் தலைமையாசிரியர்களும் சுயசிந்தனைக் குறிப்பேடு பராமரிக்க வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை விட்டால், அதையும் ஒரே இரவில் எழுதி முடித்து, புகைப்படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார்கள்.