நத்தைக்குள் இருக்கும் கணக்கு

கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலமெல்லாம் கல்லீரல் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆடு, நத்தை, புல், மறுபடி ஆடு. மாணவிகள் மிராசிடியம், ரீடியா, செர்கேரியா என்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இப்படியொரு சுற்று முடிய அந்த நிலத்தில் எத்தனை உயிர்கள் நலமாக இருந்தாக வேண்டும் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் கேட்டார்கள். சாண்டா பார்பராவுக்குப் பக்கத்தில் கார்பின்டீரியா என்றொரு உப்புச் சதுப்பு. அங்கே சேற்றில் மேயும் சிறு நத்தைகள் பறவை எச்சத்தோடு யூஹாப்ளார்கிஸ் என்ற தட்டைப்புழுவின் முட்டையையும் தின்றுவிடும். புழு உள்ளே பெருகி நத்தையை மலடாக்கிவிடும். நத்தை சாவதில்லை. வழக்கம்போல மேய்கிறது, மேய்ந்ததில் பெரும்பங்கு புழுவுக்குப் போகிறது. வெளியேறும் இளம்புழுக்கள் நீந்திப்போய்க் கில்லி மீனின் செவுளில் நுழைந்து, நரம்பு வழியே ஏறி, மூளையின்மேல் கூடு கட்டிக்கொள்ளும். ஒரே மீனில் ஆயிரத்துக்கு மேலும் இருப்பதுண்டு. அந்த மீன் மேல்மட்டத்துக்கு வந்து துடிக்கும், புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டும். இப்படிப்பட்ட மீன்களைப் பறவைகள் மற்றவற்றைவிட 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பிடித்துத் தின்றன என்று கெவின் லாஃபர்ட்டியும் கிமோ மாரிஸும் 1996இல் எழுதினார்கள். பறவை வயிற்றில் புழு முதிர்ந்து முட்டையிடும். சுற்று முடிந்தது.

இவ்வளவு பொடிப்புழுவுக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது? ஆர்மண்ட் குரிஸ் குழுவினர் அங்கும் மெக்சிகோவின் பாஹாவிலுமாக மூன்று கழிமுகங்களில் அதையும் கணக்கிட்டார்கள். ஓராண்டில் நத்தைகள் நீரில் விடும் இளம்புழுக்களின் எடை, அங்கே வாழும் பறவைகளின் எடையை மிஞ்சியது. 2008இல் வந்த முடிவு இது.

கார்பின்டீரியாவில் கெட்டுப்போன ஒரு பகுதியைச் சீரமைத்தபோது, உயிர்கள் திரும்பினவா என்று அறிய நத்தைகளையே உடைத்துப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளில் புழுவுள்ள நத்தைகளின் விகிதம் நான்கு மடங்காகி, பக்கத்து நல்ல பகுதியை எட்டிப்பிடித்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பறவை நாம் போகும் நேரத்துக்குக் காத்திராது. அது வந்துபோன கணக்கு நத்தைக்குள் இருக்கும்.

அதற்காகப் புழுவென்றாலே வாழ்க என்று சொல்ல நான் தயாரில்லை. அபலோன் என்பது பண்ணையில் வளர்க்கும் விலையுயர்ந்த கடல்நத்தை. தென்னாப்பிரிக்காவிலிருந்து தருவித்த அபலோனோடு வளையப்புழு ஒன்றும் கலிபோர்னியப் பண்ணைகளுக்குள் புகுந்தது. ஓட்டின் விளிம்பில் குடியேறி ஓட்டைக் கோணலாக்கி, வளர்ச்சியையே நிறுத்திவிடும். கயூகோஸ் என்ற ஊரில் பண்ணைக் கழிவுநீர் வழியாகக் கடலுக்குள்ளும் போய்விட்டது.

அதை ஒழிக்க மருந்து எதுவும் கொட்டவில்லை. பண்ணையின் நீர் வெளியேறும் வாயில் வலைத்தடுப்பு போட்டார்கள். பிறகு, புழு விரும்பிக் குடியேறும் கருந்தலைப்பாகை நத்தைகளில் 16 லட்சத்தைக் கரையோரத்திலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். எல்லா நத்தையையும் எடுக்கத் தேவையில்லை. இளம்புழு ஊர்ந்துபோய் அடுத்த ஓட்டைப் பிடிக்க முடியாத அளவுக்கு நெருக்கம் குறைந்தால் போதும். மனிதர்களிடையே கொள்ளைநோய் அடங்குவதும் இந்தக் கணக்கில்தான். கயூகோஸில் புழு ஒழிந்தது என்று கரோலின் கல்வரும் குரிஸும் 2000இல் அறிவித்தார்கள்.